காமிராவின் கணக்கும் நமது கண்ணும்

வேதாரணியத்து உப்பளத்தை நமது நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டிய அவசியமில்லை. 1930-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து கால்நடையாகப் புறப்பட்டார்கள். அம்மாதம் 28-ந் தேதி அவ்வூரை அடைந்து, 30-ந் தேதி சட்டத்தை மீறி உப்பு எடுத்தார்கள். பிற்பாடு உப்பு வரி ஒழிந்தது. அன்னிய ஆட்சியும் ஒழிந்தது. உப்பளமோ இன்றும் இருக்கிறது. கோடை பிறந்துவிட்டால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரையில் வெள்ளை வெளேரென்று பாத்திகள் மின்னுகின்றன. அவற்றின் நடுவே ஆண்களும் பெண்களும் உப்பை வாரி, அம்பாரமாகக் குவித்துக் கொண்டிருக்கிறார்கள்.

இக்காட்சியில் மனத்தைப் பறிகொடுத்து, டிஜிட்டல் காமிராவை எடுத்துக்கொண்டு செல்லும் இளைஞர் அநேகர். வீடு திரும்பிப் படத்தைப் பார்க்கும்போதுதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. வெண்ணிற உப்பு, மழைக்கால மேகத்தைப் போல் மங்கிக் கிடக்கிறது. அந்த உப்பை வாரிய பெண்மணியின் முகமோ, கண்ணும் மூக்கும் தெரியாத ஒரு கரிய நிழலாக இருக்கிறது. உழைத்தவள் முகமும் மறைந்தது; உழைப்பின் பலனும் மங்கிப் போயிற்று. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய யந்திரம் இப்படிச் செய்வானேன்?

காமிரா கெட்டுப் போய்விடவில்லை. தனக்குக் கற்பித்த கணக்கை அது பிசகாமல் போட்டிருக்கிறது. அக்கணக்கு இன்னதென்று தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் அதை ஒப்புக்கொள்வது, எந்த இடத்தில் திருத்துவது என்பது நமக்கு விளங்கிவிடும்.

நடுநிலைச் சாம்பல்

காமிராவுக்குள் இருக்கும் ஒளிமானி செய்கிற வேலை மிகவும் எளியது. எதிரே உள்ள பொருள்களின் மீது பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம் எவ்வளவு என்று அளப்பதே அதன் தொழில். பொருள் இன்னதென்று அது அறியாது. கரிய எருமை ஒன்று நல்ல வெயிலில் நிற்கிறது. வெள்ளைப் பசு ஒன்று மரத்தடி நிழலில் நிற்கிறது. இரண்டிலிருந்தும் திரும்பி வரும் வெளிச்சம் ஒரே அளவாக இருந்துவிடக் கூடும். எருமையையும் பசுவையும் நாம் ஒரு நொடியில் பிரித்தறிந்து விடுகிறோம். ஒளிமானிக்கு இரண்டும் ஒன்றே.

ஆகையால் இக்கருவியை அமைத்தவர்கள் ஓர் அனுமானத்தை அதற்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு சாதாரணக் காட்சியிலுள்ள கறுப்பையும் வெளுப்பையும் ஒன்றாகக் கலந்தால், நடுத்தரமான சாம்பல் நிறம் ஒன்று கிடைக்கும் என்பதே அது. தன்மீது விழும் ஒளியில் நூற்றுக்கு 18 பங்கைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை ஒன்று புகைப்படக் கலைஞரிடம் இருப்பது வழக்கம். அது கறுப்புக்கும் வெளுப்புக்கும் நட்ட நடுவே இருப்பதாக நமது கண்ணுக்குத் தோன்றும். ஒளிமானி எதைக் கண்டாலும், ஏறக்குறைய அந்த நிறத்துக்கு இழுத்து வரவே முயல்கிறது. வெள்ளைச் சுவரைக் கண்டால், "வெளிச்சம் மிகுதி" என்று எண்ணிக் குறைக்கிறது, சுவர் சாம்பலாகிறது. கருங்கல் தூணைக் கண்டால், "வெளிச்சம் போதாது" என்று எண்ணிக் கூட்டுகிறது, தூணும் சாம்பலாகிறது.

இந்த வழக்கம் டிஜிட்டல் காமிராவோடு வந்ததன்று. செலினியம் என்னும் பொருளைக் கொண்டு மின்சாரத்தால் ஒளியை அளக்கும் கருவியை அமெரிக்காவின் வெஸ்டன் கம்பெனியார் 1932-ம் வருஷத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தவர்களுக்கும் இதே சங்கடந்தான். கையிலிருந்த கருவி இன்று காமிராவுக்குள் குடிபுகுந்திருக்கிறது. அதன் சுபாவம் மாறவில்லை.

மேலே செல்லுமுன் ஒரு சொல்லை விளக்கிவிடுவோம். புகைப்படக் கலையில் வெளிச்சத்தை "ஸ்டாப்" என்ற படியால் கணக்கிடுகிறார்கள். ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரு மடங்கு. ஒரு ஸ்டாப் குறைத்தால் பாதி. இரண்டு ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு அல்லது கால் பங்கு. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஒரு விநாடியில் 500-ல் ஒரு பங்கிலிருந்து 250-ல் ஒரு பங்காக நீட்டினால், ஒரு ஸ்டாப் கூட்டினோம் என்று பொருள்.

மூன்று வகை அளவு

டிஜிட்டல் காமிராவில் ஒளியை அளக்கும் முறைகள் மூன்று அல்லது நான்கு இருக்கின்றன. இவை வெவ்வேறு கருவிகள் அல்ல. ஒளிமானி காட்சியின் எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்று நாம் இடும் வெவ்வேறு கட்டளைகளே. எந்த முறையை வைத்தாலும் நடுநிலைச் சாம்பல் என்ற கணக்கு உள்ளே இருந்துகொண்டேயிருக்கும் என்பதை மறந்துவிடலாகாது.

முதலாவது, காட்சி முழுவதையும் பல கட்டங்களாகப் பிரித்து அளக்கும் முறை. நிக்கான் கம்பெனியார் இதை மேட்ரிக்ஸ் என்றும், கேனன் கம்பெனியார் எவாலுவேட்டிவ் என்றும் அழைக்கிறார்கள். 1983-ம் வருஷத்தில் வந்த நிக்கான் எப்.ஏ. என்ற காமிரா காட்சியை ஐந்து கட்டங்களாகப் பிரித்தது. 1996-ல் வந்த எப்-5 என்ற காமிராவில், நிறத்தையும் அறியும் 1005 புள்ளிகள் இருந்தன. முன்பே ஆராய்ந்து வைத்த சுமார் 30,000 படங்களின் விவரங்களோடு எதிரே உள்ள காட்சியை ஒப்பிட்டு அது தீர்ப்புச் சொல்லிற்று. இன்றைய காமிராக்கள் மனித முகத்தையும் அடையாளம் கண்டு, அதற்கு அதிக மதிப்புக் கொடுக்கின்றன. தெருவிலும் சந்தையிலும் திருவிழாக் கூட்டத்திலும் இம்முறை பெரும்பாலும் நன்றாகவே பயன்படும். கறுப்போ வெளுப்போ மிதமிஞ்சி நிற்கும் இடத்தில்தான் தடுமாறும். அந்த 30,000 படங்களில் வெயிற்காலத்து உப்பளங்கள் எத்தனை இடம் பெற்றிருக்கும் என்று நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இரண்டாவது, நடுப்பாகத்துக்கு முதன்மை தரும் முறை. இதற்குச் சென்டர் வெயிட்டட் என்று பெயர். நிக்கான் காமிராக்கள் பலவற்றில், நடுவே உள்ள சிறு வட்டத்துக்கு நூற்றுக்கு 75 பங்கு மதிப்பும், சுற்றிலும் உள்ள மற்ற இடமெல்லாவற்றுக்கும் சேர்த்து 25 பங்கு மதிப்பும் அளிக்கப்படுகின்றன. பழைய பிலிம் காமிராக்களில் பழகியவர்கள் இதைப் பெரிதும் விரும்புவார்கள். இது தன் புத்தியைக் காட்டுவதில்லை. ஆகவே இன்ன இடத்தில் இன்னவாறு தவறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒருவரை நடுவில் நிறுத்தி எடுக்கும் படங்களுக்கு இது ஏற்றது.

மூன்றாவது, புள்ளியளவு. இதை ஸ்பாட் என்பர். படத்தின் பரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவான ஒரு சிறிய இடத்தை மாத்திரம் பார்த்து அளப்பது இது. சில காமிராக்களில் அவ்விடம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கே இருக்கும். மற்ற இடமெல்லாம் அதற்கு இல்லாததற்குச் சமானம். சில காமிராக்களில் இப்புள்ளி எப்போதும் நடுவிலேயே இருக்கும். சிலவற்றில் நாம் குவியம் வைக்கும் இடத்தோடு கூடவே நகரும். தமது காமிரா எவ்வகை என்பதை ஒவ்வொருவரும் பார்த்து வைத்துக்கொள்வது நலம். ஓர் உத்தியோகஸ்தரைப் பார்த்து ஊர் முழுவதையும் எடைபோடுவது போன்றது இம்முறை. சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தால் உண்மை தெரியும். தவறான ஆளிடம் சென்றால் முற்றும் கெடும்.

இவை தவிர, மிகவும் பிரகாசமான பாகம் வெளுத்துப் போகாமல் காக்கும் நான்காவது முறை ஒன்றும் உண்டு. 2014-ல் வெளிவந்த நிக்கான் டி-810 காமிராவில் இது இடம் பெற்றது. இருண்ட மேடையில் ஒரே விளக்கின் ஒளியில் நிற்கும் நாட்டியப் பெண்ணையோ, கூத்துக் கலைஞரையோ படம் பிடிக்க இது மிகவும் உதவும்.

உப்பளத்தில் ஒரு கணக்கு

இனி உப்பளத்துக்கே செல்வோம். மேகமில்லாத வானம், நல்ல வெயில். ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்து, லென்ஸின் துவாரத்தை 16 என்ற எண்ணில் நிறுத்தினால், ஷட்டர் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய 100-ல் அல்லது 125-ல் ஒரு பங்காக இருக்கவேண்டும் என்பது ஒளிமானி இல்லாத காலத்திலிருந்து வழங்கி வரும் விதி. ஆனால் உப்புப் பாத்திகள் படத்தை நிறைத்திருக்கும்போது, காமிரா 500-ல் ஒரு பங்கு போதும் என்று சொல்லக்கூடும். 125-க்கும் 500-க்கும் உள்ள தூரம் இரண்டு ஸ்டாப். வர வேண்டிய வெளிச்சத்தில் கால் பங்கே வந்து சேருகிறது. உப்பு சாம்பலானதற்கும், முகம் கரியானதற்கும் இதுவே காரணம்.

இதைத் திருத்த, கூட்டல் கழித்தல் குறியுள்ள பொத்தான் ஒன்று காமிராவில் இருக்கிறது. அதை அழுத்தி ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரையில் கூட்டினால், உப்பு தன் வெண்மையை மீண்டும் பெறுகிறது. இவ்விடத்தில் பலருக்கு ஒரு மயக்கம் ஏற்படுவதுண்டு. வெளிச்சம் மிகுந்த இடத்தில் குறைக்க வேண்டாமா, கூட்டவா வேண்டும் என்று கேட்பார்கள். காமிரா முன்னமே அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டது. நாம் அதைச் சரிக்கட்டுகிறோம். வெளுப்புக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

அதே இடத்தில் புள்ளியளவை வைத்து, வெயில் படும் ஒரு கரிய முகத்தை அளந்து பார்ப்போம். இப்போது காமிரா நேர் எதிராக நடந்துகொள்கிறது. கரிய முகத்தை நடுநிலைச் சாம்பலுக்கு உயர்த்துகிறது. முகம் இயல்பை விட வெளுக்கிறது; உப்போ பரல் ஒன்றும் தெரியாமல் வெறும் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. இங்கே சுமார் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். உப்பை அளந்து இரண்டு கூட்டினாலும், முகத்தை அளந்து ஒன்று குறைத்தாலும், வந்து சேரும் இடம் ஏறக்குறைய ஒன்றே. ஒரே வெயிலில் நிற்கும் இரண்டு பொருள்களுக்கு ஏற்ற வெளிச்சமும் ஒன்றே அல்லவா? இதை ஒரு முறை செய்து பார்த்தவர்களுக்கு ஒளிமானியைப் பற்றிய மருட்சி அன்றோடு நீங்கிவிடும்.

தலைச்சுமையின் நிழல் முகத்தில் விழுந்திருந்தால் நிலைமை வேறு. அப்போது உப்புக்கும் முகத்துக்கும் இடையே உள்ள வேற்றுமை காமிரா தாங்கக்கூடியதற்கு மேல் போய்விடலாம். டிஜிட்டல் படத்தில் முற்றும் வெளுத்துப்போன இடத்தைப் பின்னர் மீட்பதற்கு வழியில்லை. இருண்ட இடத்தை ஓரளவு மீட்கலாம். ஆயினும் யந்திரத்தை நம்புவதைவிடச் சூரியனை நம்புவது மேல். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் சென்றால், வெளிச்சம் முகத்தில் நேரே படும். வெள்ளைத் தரையும் கீழிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி, கண்குழியின் நிழலைப் போக்கும். படம் பிடிப்பவருக்கு உதவும் இந்தக் கூச்சமே நாள் முழுதும் அங்கு உழைப்பவரின் கண்களுக்குத் தீங்கு செய்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

நமது முகத்தின் நிறம்

இனி நாம் சொல்லப்போவது படம் பிடிப்போருக்கு மாத்திரமல்ல, பிடிக்கப்படும் எல்லோருக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். 1940-ம் வருஷத்தை ஒட்டி, அமெரிக்காவில் ஆன்ஸெல் ஆடம்ஸ், பிரெட் ஆர்ச்சர் என்னும் இரு புகைப்படக் கலைஞர்கள் கறுப்பிலிருந்து வெளுப்பு வரையில் உள்ள சாயைகளைப் படிகளாக வகுத்தார்கள். அதில் நடுநிலைச் சாம்பல் ஐந்தாம் படி. வெயில் படும் வெள்ளையரின் முகம் ஆறாம் படி. "முகத்தை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டு" என்று பல நூல்களில் காணும் விதி இவ்வழி வந்தது. வெள்ளையர் முகத்துக்கு அது பொருத்தமானதே. நமது நாட்டில் ஒரு கரிய முகத்தை அளந்து அவ்விதியைப் பின்பற்றினால் என்ன ஆகும்? குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டுகிறோம். முகம் இரண்டு ஸ்டாப் வெளுத்து, வேறொருவர் முகமாகிவிடும்.

வர்ணப் படங்களிலும் இது நிகழ்ந்தது. கோடக் கம்பெனியார் அச்சிடும் நிலையங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் படம் இருந்தது. அதற்கு "ஷர்லி அட்டை" என்று பெயர். அவளுடைய நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. அந்த அளவுகோலுக்குள் அடங்காத முகங்கள் இருண்டு போவதைக் கவனிப்பாரில்லை.

அன்னியர் செய்த அளவுகோலை மாத்திரம் குறை சொல்லிப் பயனில்லை. இன்று நமது கல்யாண ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். மணமகள் எந்த நிறமாயினும் படத்தில் கோதுமை நிறம் ஆகியிருப்பாள். வெளிச்சத்தை அளவு கடந்து கூட்டியும், பின்னர் கம்ப்யூட்டரில் பூசியும் இதைச் செய்கிறார்கள். வீட்டாரும் மகிழ்ந்து பணம் கொடுக்கிறார்கள். உப்பளத்தில் முகத்தை நிழலாக்கியது யந்திரத்தின் அறியாமை. கல்யாண வீட்டில் முகத்தை மாற்றுவது மனிதர் தெரிந்தே செய்வது. இரண்டிலும் இழப்பது ஒன்றுதான்: அந்த மனிதரின் சொந்த முகம். முப்பது வருஷத்துக்குப் பிறகு பேரக் குழந்தைகள் ஆல்பத்தைத் திறந்து, "இது யார்?" என்று கேட்டால், அதற்கு யார் பொறுப்பு?

இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. மனிதர்களின் முகம் பல நிறமாயிருப்பினும், உள்ளங்கைகள் அவ்வளவு வேறுபடுவதில்லை. பெரும்பாலோரின் உள்ளங்கை, நடுநிலைச் சாம்பலைவிடச் சுமார் ஒரு ஸ்டாப் வெளுப்பாகவே இருக்கும். படம் பிடிக்கப்படுபவர் முகத்தில் எந்த வெளிச்சம் விழுகிறதோ, அதே வெளிச்சத்தில் உள்ளங்கையைக் காட்டிப் புள்ளியளவால் அளந்து, ஒரு ஸ்டாப் கூட்டிக்கொண்டால், கரியவர் கரியவராகவும் சிவந்தவர் சிவந்தவராகவும் படத்தில் வருவார்கள். சாம்பல் அட்டை கையில் இல்லாதவருக்கு இது பெரிய துணை.

வீட்டிலும் விழாவிலும்

உப்பளத்துக்குப் போகாதவர்களுக்கும் இக்கணக்கு அன்றாடம் வேண்டியிருக்கிறது. ஜன்னலுக்கு முன் பாட்டி உட்கார்ந்திருக்கிறாள், வெளியே வெயில். மேட்ரிக்ஸ் முறை ஜன்னலைப் பார்த்துப் பாட்டியை இருட்டிவிடலாம். புள்ளியளவைக் கன்னத்தில் வைத்து அளக்க வேண்டும். பாட்டி கரிய நிறத்தவளானால் சிறிது குறைத்துக்கொள்ள வேண்டும். குத்துவிளக்கின் எதிரில் குழந்தை நிற்கும்போது, சுடரை அளந்தால் குழந்தை மறைந்துவிடும். குழந்தையின் முகத்தை அளந்தால், சுடர் சற்று வெளுத்தாலும் படம் உயிரோடிருக்கும். மணமகன் வெள்ளை வேஷ்டியும் மணமகள் அரக்குப் பட்டும் உடுத்தி அருகருகே நின்றால், மேட்ரிக்ஸ் முறையே போதும்; கறுப்பும் வெளுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும்.

கைபேசியில் படம் பிடிப்போரும் கவலைப்பட வேண்டியதில்லை. திரையில் தெரியும் முகத்தின் மீது விரலால் தொட்டால், பெரும்பாலான கைபேசிகள் அந்த இடத்துக்கேற்ப வெளிச்சத்தை மாற்றிக்கொள்கின்றன. உடனே தோன்றும் சூரியன் போன்ற குறியை மேலும் கீழும் நகர்த்திக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம். புள்ளியளவும், கூட்டல் கழித்தல் பொத்தானும் இவ்வுருவில் ஏழை எளியவர் கைக்கும் வந்துவிட்டன.

காமிரா வைத்திருப்போர் மற்றொரு வசதியையும் பயன்படுத்த வேண்டும். எடுத்த படத்தோடு ஹிஸ்டோகிராம் என்னும் மலைபோன்ற வரைபடம் ஒன்றைக் காமிரா காட்டும். அம்மலை இடப்புறம் குவிந்திருந்தால் இருள் மிகுதி. வலப்புறச் சுவரில் மோதி நின்றால் வெளுப்பு மிகுதி. உப்பளத்துப் படத்தில் மலை வலப்பக்கம் சாய்ந்திருப்பதே நியாயம். ஆனால் சுவரில் மோதலாகாது. மலை நடுவில்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுவது, உப்பைச் சாம்பலாக்கிய அதே பிழைக்கு நம்மை மீண்டும் கொண்டுபோய் விட்டுவிடும்.

தீர்ப்பு யாருடையது?

மகாத்மாவின் கடைசிப் பத்து ஆண்டுகளில் அவரை அருகிலிருந்து படம் பிடித்தவர் அவருடைய உறவினரான கனு காந்தி. ஜி. டி. பிர்லா கொடுத்த நூறு ரூபாயைக் கொண்டு அவர் ஒரு ரோலிபிளெக்ஸ் காமிராவை வாங்கினார். காந்திஜி மூன்று நிபந்தனைகள் விதித்தார். மின்னல் விளக்கைப் பயன்படுத்தலாகாது; இப்படி நில், அப்படிப் பார் என்று சொல்லலாகாது; ஆசிரமம் பணம் கொடுக்காது. அக்காலத்து ரோலிபிளெக்ஸ் காமிராவுக்குள் ஒளிமானி கிடையாது. குடிசையின் மங்கிய வெளிச்சம், வெண்மையான கதர், அதைப் போர்த்திய மாநிறத் திருமேனி. ஒளியை அளப்பதற்கு இதைவிடக் கடினமான பரீட்சை வேண்டுமா? அந்தப் படங்களில் கதரும் கதராக இருக்கிறது. மேனியும் மேனியாக இருக்கிறது.

கனு காந்திக்கு இல்லாத வசதிகளெல்லாம் இன்று நமது சட்டைப் பையில் இருக்கின்றன. ஒளிமானி சொல்வதைக் கேட்க வேண்டியதுதான். அது பொய் சொல்வதில்லை. ஆனால் அதற்குத் தெரிந்தது வெளிச்சத்தின் அளவு மாத்திரமே. எதிரே நிற்பவர் யார், அவர் நிறம் என்ன, படத்தில் முக்கியமானது உப்பா முகமா என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். அடுத்த முறை காமிராவைக் கையில் எடுக்கும் நேயர்கள், ஷட்டரை அழுத்துமுன் ஒரு கணம் நின்று, எதிரே உள்ளது நடுநிறத்தைவிட வெளுப்பா, கறுப்பா என்று தம்மையே கேட்டுக்கொள்வார்களாக. அக்கேள்விக்கு விடை தெரிந்த பின் விரலை அழுத்தினால், வேதாரணியத்துப் பெண்மணி தன் சொந்த முகத்தோடும், தன் கையால் வாரிய வெள்ளை உப்போடும் படத்தில் நிற்பாள்.